நாற்பத்தேழாவது உதாரணம்

போன வாரம் அடையாள அட்டையைப் பிரதியெடுக்கப் பேராதனையில் ஒரு போட்டோ கொப்பிக் கடைக்குள் நுழைந்தேன். சூடான தாளும் பைண்டிங் பசையும் சேர்ந்து ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்துவிட்டது. கடைக்காரர் இரண்டு தரம் கேட்டும் அட்டையைக் கொடுக்காமல் நின்றேன். உங்களுக்கு மல்லிகை, மழை என்று ஏதாவது நாகரிகமான வாசனை இருக்கலாம். என் இளமைக்கு இதுதான்.

அப்போது மொழியியலில் முதுமாணி, அதாவது எம்.ஏ., படித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் எங்கள் மலையக ஊரான கம்பளையில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எத்தன பாஷ தெரியும்?" மூன்று என்றால் முகம் வாடிவிடும், பஸ் கண்டக்டருக்கே மூன்று தெரியும். நாங்கள் புது மொழி எதையும் கற்கவில்லை, தெரிந்த மொழியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தோம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

என் கூட்டாளி கௌசி, யாழ்ப்பாணத்துக்காரி. இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அவள் சொல்வதை நானும் நான் சொல்வதை அவளும் கொப்பியில் எழுதிக்கொள்வோம். சண்டை பிடிக்கும்போதுகூட, "பொறு, இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லு" என்று பேனாவை எடுத்துவிடுவாள். அவளோடு ஒரு சண்டையையாவது நான் முழுசாகப் போட்டு முடித்ததில்லை.

அவளுடைய ஆய்வு மலையகத் தமிழின் வினைச்சொற்களைப் பற்றியது. அதற்கு ஒரு தகவலாளி வேண்டும், அதாவது வாயைத் திறந்தால் மூடாத ஓர் ஆள். கம்பளைக்குக் கூட்டிப்போய் என் அம்மாவைக் காட்டினேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா பயந்துவிட்டார். "தகவல் குடுக்கிறவளா? என்னையப் போலீசு ஆளாக்கிறாதீங்கம்மா." பிறகு சமாதானமாகி, நாலு ஞாயிற்றுக்கிழமை ரெக்கோடருக்கு முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்தார். அந்த நேரம் நான் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்தால் பேச்சு இயல்பாக வராது என்று பாடத்தில் படித்திருந்தேன். படித்ததை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

கௌசியின் ஆய்வேடு ஆங்கிலத்தில். ஒவ்வொரு உதாரணத்திலும் மேல் வரியில் அம்மாவின் வாக்கியம் ஒலிக்குறிகளில் இருக்கும், கீழ் வரியில் அதன் மொழிபெயர்ப்பு. இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. நான் கீழ் வரியை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன். சொந்த அம்மாவின் பேச்சை ஒலிக்குறியில் வேறு வாசிக்க வேண்டுமா என்கிற கொழுப்புத்தான். அப்படி வாசித்துக்கொண்டு போகையில் நாற்பத்தேழாவது உதாரணம் வந்தது. 'என் கணவர் இறப்பதற்கு முதல்நாள் பகல் முழுவதும் ஏசிக்கொண்டிருந்தார்.'

என் அப்பா கம்பளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தவர். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் சொன்னால் அதிகம். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. அவரா கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மாவை ஏசினார்? எனக்கு மனசு விட்டுப்போனது. அம்மாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. இறந்து மூன்று வருடமான மனிதர்மீது ஒரு வாரம் கோபமாக இருந்தேன்.

ஆய்வேட்டைப் பிரதியெடுக்கக் கொடுத்த அன்று, கடையில் கௌசியோடு நின்றபடி தற்செயலாக மேல் வரியைப் பார்த்தேன். "அவரு போறதுக்கு மொத நாளு பகல் பூரா பேசிக்கிட்டு இருந்தாரு."

"ஏன்டி, பேசினாருன்னுதானே இருக்கு?" என்றேன்.

"ஓம். பேசினவர் எண்டால் ஏசினவர்தானே? மற்றும்படி எண்டால் கதைச்சவர் எண்டெல்லோ அம்மா சொல்லியிருப்பா."

அவள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது, சும்மா பேசுவதென்றால் கதைப்பது. எங்கள் வீட்டில் பேசுவதென்றால் பேசுவது. இரண்டு வருடமாகக் கொப்பி கொப்பியாக எழுதிய நாங்கள் இந்த ஒரு சொல்லை எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. பத்துச் சொல்லுக்கு மேல் பேசாத மனிதர், கடைசியில் ஒரு பகல் முழுக்க அம்மாவோடு பேசியிருக்கிறார்.

கௌசிக்கு வேறு கஷ்டம். அவளுடைய நாலாம் அத்தியாயமே இந்த வாக்கியத்தின்மேல்தான் நின்றது. ஏசுவது விட்டு விட்டு நடப்பது, ஆகவே இங்கே 'இருந்தாரு' என்பதற்குத் 'திரும்பத் திரும்ப' என்று பொருள் என வாதாடியிருந்தாள். பேசினார் என்று திருத்தினால் வாதம் சரிந்துவிடும். மறுநாள் கையளிக்க வேண்டும். அப்படியே விட்டாலும் கண்டுபிடிக்க ஆளில்லை, பரீட்சகர்களில் மலையகத்தார் ஒருவரும் இல்லை. அவள் ஓடுகிற இயந்திரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ" என்றாள் கடைக்காரரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ர அப்பா ஏசினவர் எண்டு ஒரு புத்தகத்தில கிடக்கக் கூடாது" என்றாள்.

ஆறு மாதத் தவணை வாங்கி அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுதினாள். அதற்காகவே அவளை எனக்கு ஆயுசுக்கும் பிடிக்கும்.

கடையில் அழுத அந்த வார ஞாயிறு கம்பளைக்குப் போனேன். அம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அப்பா என்னம்மா பேசினாரு?" என்று கேட்டேன்.

"அதான் அந்தப் புள்ளகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே. ரெக்கோடுல இருக்கு, கேட்டுக்க. திரும்பச் சொன்னா எனக்கு அழுக வந்துரும்."

ஆற அமரக் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு வேலை, கல்யாணம், கண்டிக்கு வீடு மாற்றம். அந்தப் பதிவுகள் இருந்த கௌசியின் பழைய கணினி ஒரு மழைக்காலத்தில் பழுதாகி, எறியப்பட்டது. அம்மாவும் போய்விட்டார். நாற்பத்தேழாவது உதாரணம் மட்டும், சரியான மொழிபெயர்ப்போடு, நூலகத்தில் இருக்கிறது.

கௌசி இப்போது நோர்வேயில் இருக்கிறாள். நேற்றுப் போனில் கேட்டேன். அப்பா அன்றைக்கு என்ன பேசினாராம், ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, ஒரு சொல்லாவது?

"அம்மா நிறையச் சொன்னவ. ஆனா நான் வினைச்சொல்லுகளை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்" என்றாள்.