கோணல் வேப்பிலையும் அடுக்குச் செம்பருத்தியும்

செல்லூரில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆயிஷா சித்திகா அறிவியல் டீச்சர். கரும்பலகையில் படம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதயமோ, சிறுநீரகமோ, செம்பருத்தியோ, புத்தகத்தைத் திறக்காமலே கலர் சாக்பீஸில் வரைந்து முடித்துவிடுவார். பதினோரு வருஷமாக அதே படங்கள். பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் இறக்குவார்கள்.

ஒருநாள் ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தும்போது, வர்ஷினி வரைந்த வேப்பிலை அவர் கண்ணை உறுத்தியது. நடு நரம்பு வளைந்திருந்தது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சேரக்கூட இல்லை. 'இரு பக்கமும் சமமாக வரையவும்' என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு மார்க் குறைத்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார்.

மறுநாள் காலையில் வர்ஷினி மேசையருகே வந்து நின்றாள். அதிகம் பேசாத பிள்ளை. கையிலிருந்த வேப்பங்கொத்தை நோட்டின் மேல் வைத்தாள்.

"டீச்சர், இலையே அப்படித்தான் இருக்கு."

ஆயிஷா ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார். கோணல். அடுத்ததும் கோணல். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மைதானத்து வேம்பின் கீழே நின்று முப்பது இலை பறித்துப் பார்த்தார். இரு பக்கமும் சமமாக இருந்த இலை ஒன்றுகூட இல்லை. அந்த மரத்து நிழலில்தான் பதினோரு வருஷமாக ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறார். அன்று அவருக்கு உண்டான வெட்கம் லேசில் போகவில்லை. கடைசிப் பீரியடில் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, தான் பார்க்காமலே திருத்திவிட்டதாகச் சொல்லி, குறைத்த மார்க்கைத் திருப்பிப் போட்டார்.

அடுத்த வாரமே பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். முதல் நாள் ஒரே கூத்து. எதிரே நிற்கிற மரத்தை வரையச் சொன்னால், பாதிப் பேர் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் வரைந்து வைத்திருந்தார்கள். அன்றைக்கே ஒரு கட்டளை போட்டார். முதல் பத்து நிமிஷம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் செய்யணும். பிறகு ஸ்கேலால் அளந்து, தேதியும் நேரமும் எழுதி வரையணும். பார்க்காத எதையும் வரையக்கூடாது. சொல்லிவிட்டுத் தானும் மண்ணில் உட்கார்ந்து ஒரு கட்டெறும்பை வரைந்தார். எட்டிப் பார்த்த மாணவன் ரோஷன், ஆறு காலும் நடுத்துண்டிலிருந்துதான் கிளம்புகிறது, டீச்சர் இரண்டைக் கொண்டுபோய் வயிற்றில் ஒட்டவைத்துவிட்டார் என்று கண்டுபிடித்தான். ஆயிஷா சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

தலைமையாசிரியை பாகீரதிக்குப் பாடம் பின்தங்கிவிடுமோ என்று கவலை. சனிக்கிழமை காலை மட்டும் என்று அனுமதி கொடுத்தார். அந்தச் சனிக்கிழமைகள் மைதானத்தில் தொடங்கி வண்டியூர் கண்மாய்க் கரை வரைக்கும் போயின. மூன்று வருஷத்தில் வர்ஷினியிடம் ஆறு நோட்டு சேர்ந்துவிட்டது.

சிக்கல் அவள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வந்தது. அரையாண்டுத் தேர்வுத் தாள்களை வேறொரு பள்ளியில் திருத்தினார்கள். செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுப் படத்துக்கு ஐந்து மார்க். வர்ஷினி தன் வீட்டு வாசலில் பூக்கிற அடுக்குச் செம்பருத்தியை, வெட்டிப் பார்த்தது பார்த்தபடியே வரைந்திருந்தாள். புத்தகத்தில் இருந்ததோ ஐந்து இதழ் ஒற்றைப் பூ. பூஜ்யம் விழுந்தது.

அவளுடைய அப்பா ஜெயபாண்டி விசைத்தறி ஓட்டுகிறவர். ஷிப்டு முடிந்த கையோடு, சட்டையில் ஒட்டிய பஞ்சுகூடப் போகாமல் பள்ளிக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கண்ணால பாத்ததை வரைஞ்சா மார்க்கு கிடைக்காதுன்னா, எதுக்கு டீச்சர் பிள்ளைகள இம்புட்டு வெயில்ல கூட்டிக்கிட்டு அலையிறீக?"

 தப்பு தன்மேல்தான் என்றார் ஆயிஷா. புத்தகம் ஏன் ஒற்றைப் பூவை வைத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதே இல்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை.  இனிமேல் கரும்பலகையோடு நின்றுகொள்ளலாமா என்றுகூட யோசித்தார்.

மூன்றாவது சனிக்கிழமை இரண்டு தட்டோடு வந்தார். ஒன்றில் ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்தி, இன்னொன்றில் அடுக்கு. இரண்டையும் வெட்டி, பக்கத்துப் பக்கத்தில் வரையுங்கள், எது எங்கே மாறியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்றார். பிள்ளைகள் ஒரு மணி நேரம் குனிந்து வரைந்தார்கள். வர்ஷினி உள்ளடுக்கு இதழ் ஒன்றைக் கைலென்சின் கீழே வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு டீச்சரைக் கூப்பிட்டாள். அந்தச் சின்ன இதழின் ஓரத்தில் மஞ்சளாக மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது பாதி இதழ், பாதி மகரந்தத்தாள், டீச்சர். மகரந்தத்தாளுதான் இதழா மாறிப்போயிருக்கு. அதான் புத்தகத்துல ஒற்றைப் பூவைப் போட்டிருக்காங்க. அதுலதான் எல்லா உறுப்பும் அதது இடத்துல தெரியும்."

பட்டப்படிப்பில் ஆயிஷா இதை ஒரு வரியாகப் படித்திருக்கிறார். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். லென்சை வாங்கியவர் வெகுநேரம் திருப்பித் தரவே இல்லை. அன்றிலிருந்து நோட்டின் இடது பக்கம் புத்தகப் படம், வலது பக்கம் பார்த்த படம், கீழே வித்தியாசமும் காரணமும் என்று வழக்கமாயிற்று. பொதுத்தேர்வில் வர்ஷினி அறிவியலில் தொண்ணூற்றாறு வாங்கினாள்.

முடிவு வந்த வாரம் ஜெயபாண்டியே மகளைத் தன் வண்டியில் கண்மாய்க்குக் கூட்டிவந்தார். விட்டுவிட்டுப் போகிறவர்போல வந்தவர், கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் வண்டியை ஸ்டாண்டு போட்டார். தூரத்தில் நத்தைகுத்தி நாரை ஒன்று சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற பறவை அது. பார்க்கத்தான் வந்தேன், எனக்கு வரையவெல்லாம் வராது என்றார். ஆயிஷா ஒரு தாளையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து ஆரம்பித்தால் போதும் என்று சொன்னார்.

ஒன்பது மணி ஷிப்டை மறந்து பத்தேகால் வரைக்கும் அங்கேயே இருந்தார் ஜெயபாண்டி. அந்தப் படம் இன்னும் ஆயிஷாவின் பீரோவில் இருக்கிறது. கால்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அலகின் இடைவெளியை மட்டும் அச்சு அசலாகப் பிடித்திருக்கிறார்.