ஹபீபாவின் காதருகே

ஜெய்த்தூன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாண வீட்டில். பந்தியில் எனக்கு எதிரே ஒரு பெண் முக்காட்டோடு குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று என் நாத்தனார் ஹபீபாவிடம் கேட்டேன். அவள் என் தொடையைக் கிள்ளினாள்.

"ஜெய்த்தூனு. மய்யித்து குளிப்பாட்டுறவ. நல்லது நடக்குற வூட்டுல அந்தப் பேச்ச எடுக்காதீங்க அண்ணி."

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பெண் யாராவது இறந்துபோனால், குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். விசாரித்துப் பார்த்தால் எங்களுக்குள் உறவும் இருந்தது. என் அம்மாவின் சித்தப்பா மகளுக்கு, மகள் வயிற்றுப் பேத்தி அவள். எனக்கு மகள் முறை. வேலையை எங்கே கற்றாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்துக்கிட்டேன்னு சொல்ல முடியாது பெரியம்மா. செஞ்சவங்க பக்கத்துல நின்னு தண்ணி மோந்து குடுத்தேன். இன்னமும் சந்தேகம் வந்தா பள்ளிவாசல் ஹஜ்ரத் வூட்டம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுக்குவேன். தெரியாதது நெறைய கெடக்கு."

போன வருஷம் ஹபீபா பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்து மௌத்தானாள். ஒரே மகள் மெஹராஜ் குவைத்திலிருந்து வந்து சேரும்வரை காத்திருந்தோம். அவளுக்கும் ஜெய்த்தூனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அழுது ஓய்ந்ததும் என்னைத் தனியே அழைத்தாள்.

"மாமி, அம்மாவ நான் என் கையால குளிப்பாட்டணும். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது. சின்னம்மா முன்னாடி தப்புப் பண்ணிட்டா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

சின்னம்மா என்றது ஹபீபாவின் ஓரகத்தி பாத்திமுத்துவை. அவள் வாய் ஊருக்கே தெரியும். நான் போய் ஜெய்த்தூனிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

கொல்லையில் திரை கட்டி, வெந்நீர் விளாவி வைத்தோம். மெஹராஜ் செம்பை எடுத்ததுமே பாத்திமுத்து ஆரம்பித்துவிட்டாள்.

"ஏசியில இருந்தவளுக்கு இதெல்லாம் என்னடி தெரியும்? இருந்தப்ப ஒரு டம்ளர் தண்ணி குடுத்தியா? தள்ளி நில்லு, நான் ஊத்துறேன்."

ஜெய்த்தூன் பாத்திமுத்துவின் பக்கம் திரும்பவில்லை. மெஹராஜையும் பார்க்கவில்லை. குனிந்து, ஹபீபாவின் காதருகே பேசினாள்.

"மாமி, ஒங்க மவ வந்துட்டா. மேல போர்த்துன துணி வெலகாம, கைய உள்ள விட்டுத்தான் சுத்தம் பண்ணுவா."

மெஹராஜின் கை அப்படியே செய்தது.

"இப்ப தொழுகைக்குச் செய்யுற மாதிரி ஒளு செஞ்சு விடுவா. மொகம் கழுவுறா, கை கழுவுறா. அடுத்து தலைக்கு ஊத்துவா. சூடு பாத்துட்டுத்தான் ஊத்துவா, பயப்படாதீங்க."

இப்படி ஒவ்வொன்றாக இறந்தவளுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் மெஹராஜ் இடப்பக்கம் ஊற்றப் போனாள். பாத்திமுத்து வாயைத் திறப்பதற்குள் ஜெய்த்தூன் செம்பின் அடியைத் தாங்கி வலப்பக்கம் திருப்பினாள்.

"வலப்பக்கந்தான் மொதல்ல மாமி. பாவம், அவளுக்குக் கண்ணீரு மறைக்குது."

கடைசியாகக் கற்பூரத் தண்ணீர் ஊற்றி முடித்தபோது பாத்திமுத்து துண்டை எடுத்து நீட்டினாள். "மவ கையால போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். பிறகு அவளும் அழுதாள்.

அடக்கம் முடிந்ததும் மெஹராஜ் ஜெய்த்தூனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லிக் குடுக்கலன்னா நான்..."

"நான் எங்க சொல்லிக் குடுத்தேன்? ஒங்க அம்மாகிட்டதானே பேசிக்கிட்டிருந்தேன். சொல்லிக்கிட்டே செஞ்சாதான் எனக்கும் வரிசை மறக்காது."

மெஹராஜ் குவைத்துக்குத் திரும்பிவிட்டாள். ஜெய்த்தூன் லப்பைக்குடிக்காட்டிலேயே இருக்கிறாள். காலையில் இடியாப்பம் சுட்டு விற்கிறாள். மௌத்துச் செய்தி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறாள்.