புகை அறையில் காய்ந்த நூல்

சொன்னால் நம்பமாட்டீர்கள், பட்டப்படிப்பின் கடைசி வருஷம் முழுக்க நான் நூல்தான் நூற்றேன். மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக்கை உருக்கி, நுண்துளை வழியாகத் தள்ளி, உருளையில் இழுத்துச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் உள்ளே மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடக்கும். நூல் பட்டென்று ஒடியும். நடுத்தர வேகத்தில் அவை வரிசைக்கு வரும், ஆனால் இறுகாது. சூடு பட்டால் சுருங்கிவிடும். அதிவேகத்தில் இழுத்தால்தான் இறுகி, சூட்டிலும் அசையாமல் நிற்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக்கூட விடாமல் பிடித்து இதை விளக்குவேன். அவ்வளவு மண்டைக்கனம்.

மூன்று வேகத்திலும் நூற்ற மூன்று நூல் சிட்டங்களைத் திங்கட்கிழமை பேராசிரியர் முன்னால் வைக்க வேண்டும். தவறினால் பட்டம் அடுத்த வருஷம்தான். மறுபடி நூற்க ஒரு பிடி பிளாஸ்டிக்கும் மிச்சமில்லை. லேபல் ஒட்டலாமென்று சனிக்கிழமை எங்கள் வீடு இருக்கும் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். ருவான்வெல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்தது பாருங்கள் ஒரு மழை! பைக்குள் மூன்றும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்கு எது நனைந்தாலும் ஒரே யோசனைதான். பள்ளிக்கூடச் சப்பாத்து முதல் கலியாணச் சேலை வரை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாமே ரப்பர் ஷீட் காயவைக்கும் ஸ்மோக் ஹவுஸில் காய்ந்தவை. அங்கே நெருப்புப் போடுவது அப்பா.

"அப்பா, இத ஷீட்டுக்குப் பக்கத்துல தொங்கவிடுங்க."

"சூடு ஒத்துக்குமா புள்ள?"

"அதெல்லாம் நான் படிச்சிருக்கேன். நீங்க போடுங்க!"

ஞாயிறு காலை அப்பா வந்து தயங்கித் தயங்கிக் கையிலிருந்ததைக் காட்டினார். வேகமாகச் சுற்றியது போட்டபடியே இருந்தது. மெதுவாகச் சுற்றியது நெளிந்து கிடந்தது. நடு வேகத்துச் சிட்டமோ எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருண்டிருந்தது. ஊருக்கெல்லாம் விளக்கியவள் நான்தானே! அந்த ஆத்திரத்தை அப்பா மேல் காட்டினேன். நான் போட்ட கூச்சலில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை பேராசிரியர் அந்த உருண்டையை மேசையில் உருட்டிப் பார்த்தார். "இது யார் வேலை?"

"அப்பா, சேர். எனக்குத் தெரியாமல் காயப் போட்டுவிட்டார்." வாய் கூசவில்லை எனக்கு.

"எவ்வளவு சூடு?"

"அது அப்பாவுக்குத்தான் தெரியும், சேர்." அப்பாவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். பேராசிரியர் சிங்களவர். அப்பாவும் சிங்களத்திலேயே டாண் டாணென்று பதில் சொன்னார்: சூடு அறுபது பாகைக்கு மேல், இரவு முழுக்கக் கதவு பூட்டியிருந்தது, இரண்டு தடவை விறகு போட்டது. அதோடு நிறுத்தவில்லை.

"சேர், புள்ள வேணாம் வேணாம்னுதான் சொன்னிச்சு. நான்தான் கேக்காம தொங்கவிட்டேன். அது மார்க்க கொறச்சிறாதீங்க."

நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியவே தெரியாது.

"இல்லை சேர், நான்தான் போடச் சொன்னேன். அவர் வேண்டாமென்றுதான் நினைத்தார்," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பேராசிரியர் உருண்டையை என் பக்கம் தள்ளினார். "சரி, சூட்டையும் நேரத்தையும் அறிக்கையில் எழுது. மூன்றும் ஏன் மூன்று விதமாகப் போயின, அதைச் சொல்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினேன். "பாஸ்," என்றார்.

அப்பா இன்னும் லைனில்தான் இருந்திருக்கிறார். பேராசிரியரின் மேசை அதிரத் தமிழில் கத்தினார்:

"பாஸானது கெடக்கட்டும், கூறுகெட்டவளே! எவ்வளவு அழகா ஒரு பொய் சொன்னேன், பெரிய மனுசன் முன்னால மானத்த வாங்கிட்டியே!"