புகையாத அடுப்பின் விலை

மாடு விற்கிறவன் கையில் கயிறாவது இருக்கும். நாங்கள் விற்றதோ அடுப்பிலிருந்து வெளியே வராத புகையை. 'கார்பன் கிரெடிட்' திட்டத்தின் களப்பணியாளன் என்று எனக்குப் பெயர். தமக்கே புரியாததை அடுத்தவருக்குப் புரியவைத்துச் சம்பளம் வாங்கியவர்களே, இந்தப் பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கையெழுத்து

உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்தில் வசந்தா அக்கா இருந்தார். கணவர் இறந்தபின் இரண்டு கறவை மாடுகள்தான் பிழைப்பு. "பணக்கார நாடுகள் புகையைக் குறைப்பதாக ஜப்பானில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் விறகை விட்டுச் சாண எரிவாயுவில் சமைத்தால், குறைகிற புகையை அவர்கள் விலைக்கு வாங்குவார்கள். எரிவாயுத் தொட்டி இலவசம், வருஷா வருஷம் விற்ற பணத்தில் பங்கும் வரும்" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

சாணக் கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போதுதான் கேட்டார்: "அவுங்க ஊரு பொகைய வுட்டுட்டு, எங்க வூட்டுப் பொகைய நிறுத்தி இன்னா சார் பண்ணப் போறாங்க?"

டில்லி அதிகாரி

தொட்டி கட்டினோம். அடைமழையிலும் ஈர விறகை ஊதாமல் சமைத்தார் அக்கா. அப்புறம் கணக்குச் சரிபார்க்க டில்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முன்பு தினம் எத்தனை கிலோ விறகு எரித்தீர்கள் என்று கேட்டார்.

கூட்டிச் சொல்ல மாட்டாரா என்று எனக்குத் தவிப்பு. அக்காவோ, ஒரு வேளைதான் உலை வைத்ததாகவும், அதற்கு நாலு முள் விறகு போதும் என்றும் உள்ளதைச் சொல்லிவிட்டார். நிறைய எரித்தவருக்குத்தான் நிறையப் பங்கு என்பது விதி. அதிகாரி குறைத்து எழுதியதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "அப்போ பட்டினி கெடந்ததுக்கு மார்க்கு கம்மியா சார்?"

மழை பொய்த்த வருஷம்

ஏரி வறண்டது. தீவனம் கிடைக்காமல் ஒரு மாட்டை விற்றார்; இரண்டு மாதத்தில் மற்றதையும். சாணம் இல்லாத தொட்டி காய்ந்து விரிசல் விட்டுக் கிடந்தது. தொட்டி இயங்காத வீட்டைப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லி மேலிட உத்தரவு.

படிவத்தோடு போனேன். முள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார், கண் சிவந்திருந்தது. புகை குறைந்தால் மழை பொய்க்காது என்றுதான் இந்தத் திட்டமே என்று எந்த வாயால் சொல்வது? அவரே முந்திக்கொண்டார்: "எயுதிக்கங்க சார், நீங்க இன்னா பண்ணுவீங்க?"

மாநாடு

அவரை மறுபடி பட்டியலில் சேர்க்கச் சொல்லி மேலாளரிடம் நடையாய் நடந்தேன். வெளிநாட்டில் பெரிய மாநாடு நடக்கிறது, புது ஒப்பந்தம் வந்ததும் பார்ப்போம் என்றார். ஒப்பந்தம் வரவில்லை. புகையை வாங்குவதாகச் சொன்ன கம்பெனி பின்வாங்கியது. எங்கள் அலுவலகத்தையும் மூடச் சொல்லிவிட்டார்கள்.

மேலாளர் பைல்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே சொன்னார்: "வுடுப்பா, அடுத்த வருஷம் வேற ஊர்ல உக்காந்து பேசுவாங்களாம்."

உடன்படாமல் எழுந்து போனவர்கள் உலகத் தலைவர்கள். அதற்காக, திட்டம் நின்றுபோனதைச் சொல்ல வீடு வீடாய்ப் போய்த் தலைகுனிந்து நின்றவன், மொபெட்டில் வந்த நான்.