தீனி போட்டு அனுப்பிய மீன்கள்

எனக்கு விற்று அனுப்பிய மீன்களைக் கொன்றது நீங்கள்தான். பூவம் ஊரிலிருந்து வண்டியில் பார்சல் கொண்டுவரும் செல்வம் அல்ல. மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அவர் படத்தைப் போட்டு, வெயிலில் வைத்துச் சாகடித்துவிட்டார் என்று எழுதினீர்கள். மூன்று நாளாக அவரைப் பார்சல் கம்பெனியில் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பெட்டியைப் பிரித்தவள் நான். பன்னிரண்டு ஏஞ்சல் மீன்களும் செத்துக் கிடந்தன. பை விறைப்பாகவே இருந்தது, காற்று இறங்கவில்லை. தெர்மாகோலின் உட்புறம் குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர்தான் பால்போல் கலங்கி, அடியில் கழிவு படிந்திருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் வந்த நாற்றத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒருமுறை நானே அப்படியொரு பை கட்டியவள்.

கல்யாணத்துக்கு முன்பு கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு வண்ணமீன் பண்ணையில் வேலை பார்த்தேன். நானும் என் வயதுக்காரி மல்லிகாவும்தான் பை கட்டுவோம். ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். சின்ன மீன் சிக்கி நசுங்காமலிருக்க மூலைகளை மடித்து ஒட்டுவோம். இதெல்லாம் எனக்குச் சீக்கிரம் கைவந்தது. வெளியூர் போகும் மீன் பைக்குள் கழிந்து தண்ணீரைக் கெடுக்காமலிருக்க, அதை இரண்டு நாள் பட்டினி போடுவது மட்டும் வரவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பிய விருந்தாளியைக்கூட, இரண்டு இட்லியாவது தின்றுவிட்டுப் போங்கள் என்று மறிக்கிற ஊர் எங்களுடையது. கண்ணாடியில் வாயை வைத்து என்னையே பார்க்கிற மீனை எப்படி வெறும் வயிற்றோடு அனுப்புவது? மல்லிகா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துப் புழுவை அள்ளிப் போட்டேன். பார்சல் கோயம்புத்தூர் பஸ்ஸில் போனது. ஒன்றும் பிழைக்கவில்லை.

"பசியோட போயிருந்தா பொழைச்சிருக்கும்டி. பாசத்துலயே கொன்னுட்டியே!" என்றாள் மல்லிகா. "ஒன்னக் கட்டிக்கப் போறவன் கதி என்னாவுமோ."

சிரிக்க எனக்கு முகமில்லை.

பெட்டி மூடியில் கட்டியவர் பெயரை எழுதுவது அங்கே வழக்கம். அதனால் மீன் வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் போன் செய்து என்னைத்தான் கேட்டார்.

"ஏம்மா, நீங்க கட்டுனதுங்களா? பஸ்காரங்க தூக்கிப் போட்டுட்டாங்களா?"

எவ்வளவு வசதியான கேள்வி! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. முகம் தெரியாத ஒரு கண்டக்டர் தலையில் பழி விழுந்திருக்கும். மல்லிகா எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்லைங்க. நான் தீனி போட்டுட்டேங்க. தப்பு என்னோடதுங்க."

"சரிங்க, இனிமே போடாதீங்க" என்று வைத்துவிட்டார்.

பண்ணை இருந்த இடத்தில் இப்போது வீட்டு மனைகள். மல்லிகா இறந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது வரும் பெட்டிகளில் சிவப்பு ஸ்டிக்கர் இருக்கிறது, கம்பெனி முத்திரை இருக்கிறது. கட்டியது யார் என்பது மட்டும் இல்லை.

உங்களுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கலங்கிய தண்ணீரைப் படமெடுத்து அனுப்பினேன். என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள். ஆகவே எல்லோரும் படிக்கும்படி இங்கே கேட்கிறேன். அந்த மீன்களுக்குக் கடைசியாக எப்போது தீனி போட்டீர்கள்? செல்வத்தின் படத்தைப் போட்ட அதே குழுவில், அதே ஆட்கள் பார்க்க, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.