இசைத்தட்டில் ஓடிய லொறி

தவச்செல்வன் எவரையும் எளிதில் நம்பாதவர். சாவகச்சேரியில் சைக்கிள் திருத்திய அவர், 1986இல் சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் ஏரிக்கரை விடுதியொன்றில் கோப்பை கழுவினார். கொழும்பிலிருந்து நேரே விமானத்தில் வந்ததாக அகதி விசாரணையில் கூறியிருந்தார். உண்மையிலோ இத்தாலியிலிருந்து லொறிக்குள் ஒளிந்து வந்தவர். முடிவு இன்னும் வரவில்லை. பொய் பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவ்விடுதியில் மாலைதோறும் ரூடி என்பவர் ட்ரம்பெட் வாசித்தார். ஒரு காலத்தில் ஜாஸ் இரசிகர்கள் தேடிவந்து கேட்ட கலைஞர். இப்போது விற்பனையை எண்ணி, கடைகளில் ஒலிக்கத்தக்க மெல்லிய இசைத்தட்டொன்றை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். ஒரு நண்பகலில் ஒலிவாங்கியுடன் சமையலறைக்குள் வந்து, தட்டுகள் மோதும் ஓசையைப் பதிவு செய்து போனார். போன பின்னரே தவச்செல்வனுக்கு உறைத்தது. அந்நேரம் முழுவதும், உடன் வேலைசெய்யும் மகேஸ்வரனுக்கு அவர் லொறிக் கதையையல்லவா சொல்லிக்கொண்டிருந்தார்!

"உந்தாள் பொலிசின்ரை ஆளோ?"

"உங்களுக்கு உங்கடை நிழலும் பொலிஸ்தான், அண்ணை," என்று மகேஸ்வரன் சிரித்தார்.

மறுநாள் ரூடி, இசைத்தட்டின் அட்டையில் நன்றி தெரிவிக்கவென்று அவருடைய பெயரைக் கேட்டார். தட்டுக் கழுவியவனுக்கு நன்றியா? ஐயம் முற்றிய தவச்செல்வன் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "மகேஸ்வரன்."

ஒரு மாதம் கழித்து, அச்சுக்குப் போகுமுன் பார்க்கும்படி, மாதிரி இசைத்தட்டும் அட்டைப்படியும் வந்தன. மகேஸ்வரனின் அறையில் இருவரும் கேட்டனர். மூன்றாம் உருப்படியில் ட்ரம்பெட் ஓய்ந்த இடைவெளியில், தட்டோசைக்கு மேலாகத் தவச்செல்வனின் குரல் தெளிவாக எழுந்தது: "லொறிக்குள்ளை மூண்டு நாள் படுத்தனான்."

மகேஸ்வரன் அட்டையைத் திருப்பினார். சிரிப்பு மறைந்தது.

"அண்ணை, என்ரை பேரிலை உங்கடை லொறி ஓடுது! நான் மெய்யாவே பிளேனிலை வந்தனான். வாற செவ்வாய் எனக்கு விசாரணை. ஆர் நம்புவினம்?"

தவச்செல்வன் வழிகளை எண்ணிப் பார்த்தார். குரலை நீக்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்டால், அதுவே வாக்குமூலமாகிவிடும். பெயரை அப்படியே விட்டாலோ, பழி மகேஸ்வரனின் தலையில் விழும்.

மறுநாள் ரூடியிடம் சென்று, "பெயர் பிழை. என் பெயர் தவச்செல்வன்," என்றார்.

ரூடி காரணம் கேட்கவேயில்லை. பழைய பெயரைப் பென்சிலால் வெட்டி, புதியதை எழுதினார். கேள்வி கேளாத அந்த அமைதிதான் தவச்செல்வனை மேலும் உறுத்தியது.

"சரியா?" என்று ரூடி தாளை நீட்டினார்.

தவச்செல்வன் அதை வாங்கி இருமுறை பார்த்தார். தம் பெயர்தான்.

"சரி," என்றார்.