கொட்டாவியில் போன கோல்

அந்த ஞாயிற்றுக்கிழமை அரிசி ஆலையில் இரவு வேலை முடித்து, தூங்காமலே ஆரணி மைதானத்துக்குக் கால்பந்து பார்க்கப் போனேன். கோட்டு நடுவர் வரவில்லையாம். என் கையில் கொடியைத் திணித்துவிட்டார்கள்.

அரையிறுதி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்த பெரணமல்லூர் அணி, கடைசி நிமிடத்தில் பந்தை வலைக்குள் அடித்தது. அந்த நேரம் பார்த்து எனக்கொரு கொட்டாவி. கொடியோடு கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தேன். நடுவர் ஆஃப்சைடு என்று விசில் ஊதி, கோலை ரத்து செய்துவிட்டார். கொட்டாவிக்குத் திறந்த வாய், உண்மை சொல்லத் திறக்கவில்லை. அவர்கள் தோற்றார்கள்.

கோல் அடித்தவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அடி விழும் என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்ண்ணா. வாயப் பொளந்துகினு நின்னீங்களே, பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்ப ரெஃப்ரிகிட்ட சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னா கோல் குடுத்துருவாரு. மேட்ச் சமமாயிடும், இன்னும் அரை மணி கூடுதலா ஆடணும். காலையிலர்ந்து மூட்டை தூக்கிட்டு வந்தேண்ணா, முடியல. பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. மைதானத்தின் நடுவில் அவருடைய அணியின் பத்துப் பேரும் அந்தக் கோலுக்காக இன்னும் நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். களைத்துப்போன நாங்கள் இரண்டு பேர் சேர்ந்துதான் அவர்களைத் தோற்கடித்திருந்தோம்.